சாயத்தில் முக்கியெடுத்த சேவல் இறகு: ஃபிளை கட்டுபவர்கள் கவனிக்க

இங்கிலாந்தில் இருந்துகொண்டு டிரவுட் மீனுக்கு ஃபிளை (தூண்டில் முள்ளில் இறகு சுற்றிச் செய்யும் போலிப் பூச்சி) கட்டும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். "இயற்கையான நீலச்சாம்பல், முதல் தரம், டிரை ஃபிளைக்கென்றே வளர்த்த சேவல்" என்று ஆன்லைன் கடை ஒன்றில் போட்டிருந்த இறகோடு கூடிய கழுத்துத் தோலுக்கு 80 பவுண்டு கொடுத்தேன். டிரை ஃபிளை என்றால் நீர்மேல் மிதக்கும் ஃபிளை. வந்தது 10 பவுண்டுக்குள் கிடைக்கிற சாதாரண சேவல் தோல். அதைச் சாயத்தில் முக்கி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த நிறத்துக்கு ஏன் இந்த விலை என்று புதியவர்கள் கேட்கலாம். ஹாம்ப்ஷயர் சுண்ணாம்பு ஓடைகளில் ஏப்ரலில் பொரிந்து வரும் ஆலிவ் வகை மேஃபிளைப் பூச்சிகள், சாம்பல் இறக்கையை நிமிர்த்திக்கொண்டு நீர்மேல் நின்றபடி மிதந்து வரும். அதே சாயல் சேவல் இறகில் இயற்கையாகக் கிடைப்பது அரிது. நீலச்சாம்பல் சேவலையும் அதே நிறக் கோழியையும் சேர்த்தாலும் குஞ்சுகளில் சராசரியாகப் பாதிதான் அந்த நிறத்தில் வரும். கால்பங்கு கருப்பு, கால்பங்கு வெளுத்துத் திட்டுத்திட்டாக இருக்கும். வளர்ப்பவரின் செலவு விலையில் ஏறுகிறது. ஏமாற்றுக்காரருக்கு வழி திறப்பதும் அங்கேதான். சாயம் போட்டதைச் சாயம் என்றே சொல்லி விற்றால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. என் பெட்டியிலேயே அப்படி வாங்கியவை இருக்கின்றன, நன்றாகவே மீன் பிடிக்கின்றன.

உறையைப் பிரித்ததும் முதலில் தோலின் உள்பக்கத்தைப் பாருங்கள். இயற்கை நிறம் என்றால் தோல் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். எனக்கு வந்ததில் தோலும் சாம்பல், இறகின் தண்டும் சாம்பல். ஈரமான டிஷ்யூவால் தேய்த்தேன், நீலம் ஒட்டியது. இயற்கையான நீலச்சாம்பலில் இறகுக்கு இறகு சாயல் மாறும், விளிம்பில் லேசான பழுப்பும் தெரியலாம். இது சுவருக்குப் பெயின்ட் அடித்தது மாதிரி ஒரே நிறம்.

நிறத்தையாவது மன்னிக்கலாம், தரம் அதைவிட மோசம். டிரை ஃபிளை மிதப்பதே முள்ளைச் சுற்றி விறைப்பாக நிற்கும் இழைகளால்தான். நல்ல இறகில் நடுத்தண்டை ஒட்டிய பஞ்சு போன்ற பகுதி அடியில் கொஞ்சமாகத்தான் இருக்கும். இதில் நுனிவரைக்கும் பஞ்சு, அது தண்ணீரை உறிஞ்சும். வைஸில் (முள்ளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) 16-ஆம் எண் முள்ளை மாட்டிச் சுற்றினால் தண்டு பிளந்து இழைகள் எல்லாப் பக்கமும் சாய்ந்தன. எப்படியோ கட்டி முடித்ததை டம்ளர் தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரத்திலேயே அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

அப்புறம் பூச்சி. தோலின் மடிப்பில் மெல்லிய வெள்ளை நூலாம்படையும் மணல் போன்ற துகள்களும் இருந்தன. துணியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு! முயல் முகத்தோல், கவுதாரித் தோல் எல்லாம் வைத்திருக்கும் பெட்டிக்குள் இது போயிருந்தால் எல்லாவற்றையும் தின்று தீர்த்திருக்கும். யாரிடம் வாங்கினாலும் சரி, புதிதாக வரும் இறகையும் ரோமத்தையும் காற்றுப் புகாத பையில் போட்டு, மைனஸ் 18 டிகிரியில் குறைந்தது 2 வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வீட்டில் திட்டு விழும், விழட்டும்.

அதே கடையில் "நேரடியாக இந்தியக் காட்டிலிருந்து" என்று ஜங்கிள் காக் கழுத்தும் விற்கிறார்கள். அது வேறு யாருமில்லை, நம் நீலகிரிக் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழிதான். இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. பிரிட்டனில் முறையாக விற்பவர்கள் பண்ணையில் வளர்த்த பறவையின் இறகைத்தான் விற்பார்கள். அந்த விளம்பரம் பொய்யானால் இன்னொரு மோசடி, உண்மையானால் குற்றம்.

புகார் சொன்னதற்கு வந்த பதில்: "இயற்கைப் பொருள் அப்படித்தான் மாறுபடும், பிரித்த உறையைத் திரும்ப வாங்க மாட்டோம்." கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். சொன்னபடி பொருள் இல்லையென்றால், வியாபாரியிடம் வாங்கியதை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்க 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. உறையைப் பிரித்தது ஒரு தடையே இல்லை. தனிநபரிடம் ஏலத்தில் வாங்கினால் இந்த 30 நாள் உரிமை கிடையாது, அதையும் கவனியுங்கள்.

கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தாலும் கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்கும் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப் பாதுகாப்புக்குப் பொருளின் விலை 100 பவுண்டைத் தாண்ட வேண்டும். அதனால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கார்டில் போன பணத்தைக் கடையிடமிருந்து திரும்பப் பெற்றுத் தரும்படி, கேட்டேன். டிஷ்யூவில் ஒட்டிய நீலத்தையும் தோலின் உள்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினேன், பணம் திரும்பி வந்தது. இப்போது கடைக்காரர் தோலைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார். தபால் செலவு அவருடையது என்று எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.