சோடியாக வைத்த லெப்பர்ட் கெக்கோ: கமராவோடு சில வருட அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பெண் லெப்பர்ட் கெக்கோக்களை ஒரே தொட்டியில் வைக்கலாம். என்னிடம் அப்படித்தான் இருந்தன, இரண்டும் இன்றைக்கும் நல்ல சுகமாக இருக்கின்றன. ஆனால் ஒரு தொட்டிக் காசு எனக்கு மிச்சமானதைத் தவிர, சேர்ந்து இருந்ததால் அவற்றுக்கு ஒரு நன்மையும் கிடைத்ததாகத் தெரியவில்லை. கட்டாருக்குப் போன பெரியம்மாவின் மகன் விட்டுப்போன சோடி இது. கூடவே மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, அடியில் ஒரு ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), பொந்துக்காக இரண்டு கூரை ஓடு, ஒரு தண்ணீர்த் தட்டு. பெரியவள், சின்னவள் என்பதுதான் பெயர். வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடற்கரைப் பக்கம். ஊரை வேண்டுமென்றுதான் சொல்கிறேன், இந்தக் கதையில் பாதி காலநிலைதான்.

இந்தப் பிராணியை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. பல்லி இனம்தான், ஆனால் சுவரில் ஏறாது. விரலில் ஒட்டும் தகடு இல்லை. கண்ணுக்கு இமை உண்டு, மூடித் தூங்கும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட கல்லு நிலம்தான் அதன் சொந்த இடம். நன்றாகப் பார்த்தால் 15, 20 வருடம் இருக்கும். அம்மம்மாவுக்கு இதில் ஒரே குறைதான்: "என்ன மனே, இது சொல்லவே சொல்லாதா?" சொல்லாது. பயந்தால் ஒரு கீச்சு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் வாலிலும் நாக்கிலும். அதுவும் பொழுதுபட்ட பிறகு, நாம் அறையை விட்டுப் போன பிறகு.

அதனால் ஒரு மலிவான வைஃபை கமரா வாங்கினேன். கமரா வாங்கப் போகிறவர்கள் கவனிக்க ஒன்றிரண்டு விடயம். உடல் சூட்டை வைத்து அசைவைப் பிடிக்கும் கமரா இதற்கு உதவாது. கெக்கோவின் சூடும் தொட்டியின் சூடும் ஏறக்குறைய ஒன்று, அதன் கணக்கில் அங்கே யாருமே இல்லை. படத்தின் மாற்றத்தை வைத்து அசைவை அறியும் வகைதான் வேண்டும். அகச்சிவப்பு விளக்கைக் கெக்கோ காணாது, பயப்பட வேண்டாம். ஆனால் கண்ணாடிக்கு வெளியே இருந்து எடுத்தால் அந்த விளக்கே கண்ணாடியில் பட்டுத் திரும்பி முழுப்படமும் வெள்ளையாகிவிடும். மேலே வலைமூடிக்கு நேராகத் தொங்கவிட்டேன், சரியாக வந்தது. என் மெமரி கார்ட்டில் பாதி இடத்தை நிரப்பியது, வலையின் மேல் பூச்சி பிடிக்க வந்த வீட்டுப் பல்லிகள்தான். அவை வரும்போதெல்லாம் உள்ளே இரண்டும் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

இனி விடயத்துக்கு வருகிறேன். மாரிக்காலத்தில் யார் வந்து பார்த்தாலும் சொல்வது ஒன்றுதான்: "பாருங்க, எவ்வளவு ஒற்றுமை!" ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கும். பெரியவளின் தாடை சின்னவளின் முதுகில். விற்கிறவர்களும் இந்தப் படத்தைக் காட்டித்தான் "தனிய வச்சா ஏங்கிப் போயிரும், சோடியா எடுங்க" என்கிறார்கள். நானும் பார்த்து ரசித்தேன், பொய் சொல்வானேன்.

அப்புறம் கச்சான் காற்று தொடங்கியது. மட்டக்களப்பில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை; மற்றவர்களுக்கு, அது சூடான வறண்ட காற்று. பகலில் அறையே 33, 34 பாகைக்குப் போகும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஹீட் மேட்டை நாள் முழுக்க அணைத்தே வைத்திருக்கும். அந்த மாதங்களில் இரண்டும் ஒருநாள்கூட ஒட்டிப் படுக்கவில்லை. மீண்டும் மழை வந்தது, மேட் சூடானது, ஒற்றுமையும் திரும்பி வந்தது. சாப்பிட்டதைச் செரிக்க அவற்றுக்கு 32 பாகை அளவில் ஒரு சூடான இடம் வேண்டும். மாரியில் தொட்டிக்குள் அப்படி இருந்தது மேட்டுக்கு மேலே உள்ள ஓர் ஓடு மட்டுமே. இரண்டும் தேடியது அந்த ஓட்டை, ஒன்றையொன்று அல்ல. கச்சானில் போட்டி மறுபக்கம் போய்விட்டது. ஐஸ்கிரீம் டப்பாவில் ஈரத் தென்னந்தும்பு போட்டு, தோலுரிக்க வசதியாக ஒரு பொந்து செய்து வைத்திருந்தேன். தொட்டியிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். பெரியவள் அதன் வாசலில் குறுக்கே படுத்துக்கொள்வாள். சண்டை இல்லை, கடி இல்லை. சின்னவள் தண்ணீர்த் தட்டுக்குப் பின்னால் விடியும்வரை.

ஓர் இரவுப் பதிவைப் பலமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். சின்னவள் டப்பாவை நோக்கி வருகிறாள், நாக்கால் நிலத்தைத் தொட்டுத் தொட்டு. பெரியவள் அசையவில்லை. பிறகு வால் மட்டும் மெல்ல உயர்ந்து, பாம்பு போல இடதும் வலதுமாக ஆடுகிறது, மிக மெதுவாக. முன்கால் நிமிர்கிறது. சின்னவள் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிடுகிறாள். கொஞ்ச நேரம் அப்படியே. பிறகு வந்த வழியே திரும்புகிறாள். இந்த மெதுவான வாலாட்டம் எச்சரிக்கை. இரையைக் கண்டால் வால் நுனி படபடவென்று துடிக்கும், அது வேறு. ஆண் ஒன்று பெண்ணைக் கண்டு வாலை நிலத்தில் அதிரவிடுவது இன்னொன்று. நாய் வாலாட்டுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு மூன்றும் சந்தோசமாகத்தான் படும்.

நாக்கும் அப்படித்தான். ஒன்று மற்றதை நக்குவதைக் கண்டு முத்தம் என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். அது மணம் பிடிப்பது. எதிரே நிற்பது ஆணா பெண்ணா என்பதையே இவை தோலின் மணத்தால்தான் அறிகின்றன என்று 1990இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

சின்னவள்தான் "நல்ல சுறுசுறுப்பு" என்று பெயர் வாங்கினாள். இரவு முழுக்கக் கண்ணாடியோரம் எழுந்து நின்று பிறாண்டுவாள். பெரியவள் வந்து, சாப்பிட்டு, படுத்துவிடுவாள், "சோம்பேறி". பதிவையும் சமையலறைத் தராசையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது கதை தலைகீழ். கிழமைக்கொருமுறை நிறுத்ததில் பெரியவள் ஏறிக்கொண்டே போனாள், சின்னவள் நின்ற இடத்திலேயே நின்றாள், பிறகு இறங்கத் தொடங்கினாள். கொழுப்பைச் சேர்த்து வைப்பது வாலில் என்பதால் அங்கேதான் முதலில் தெரியும். வால் அடி கழுத்தைவிட மெலிந்தால் யோசிக்க வேண்டும். பிறாண்டியது விளையாட அல்ல, வெளியேற வழி தேடி.

பிரித்துவிட்டேன். முதலில் நடுவில் ஒரு பலகை, பிறகு இரண்டாவது தொட்டி. சின்னவள் பிறாண்டுவதை விட்டாள். பகலிலேயே ஓட்டுக்கு வெளியே தலையை நீட்டிக் கண்மூடிக் கிடப்பாள், அதற்கு முன் அப்படி ஒருநாளும் கண்டதில்லை. வாலும் தேறியது. பெரியவள் ஏங்கினாளா என்று கேட்டால், அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

ஒன்றாகத்தான் வைப்பேன் என்பவர்களுக்கு: இரண்டு ஆண் என்றால் வேண்டவே வேண்டாம், இரத்தக்களரி. பின்காலுக்கு நடுவே Λ வடிவில் மெழுகு சுரக்கும் துளை வரிசையும் வாலடியில் இரண்டு புடைப்பும் இருந்தால் ஆண். ஆணும் பெண்ணும் என்றால் பெண்ணுக்கு ஓய்வே இராது. இரண்டு பெண் என்றால் சூட்டில் இரண்டு பொந்து, குளிரில் இரண்டு, ஈரத்தில் இரண்டு, தீனியும் தனித்தனியாக. இதையெல்லாம் ஒரே தொட்டிக்குள் அடக்குவதைவிட இரண்டாவது தொட்டி வாங்குவது சுகம். வயலில் பிடித்த தத்துவெட்டியை (வெட்டுக்கிளியை) தீனியாகப் போடாதீர்கள், நெல்லுக்கு அடித்த மருந்து அதில் இருக்கும். நம் காட்டுப் பல்லிகளைப் பிடித்து வளர்க்கும் எண்ணமும் வேண்டாம், சட்டம் விடாது. வெளிநாட்டுப் பிராணி என்றால் அனுமதிக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

செலவு கூடியது உண்மை. இன்னொரு மேட், இன்னொரு தெர்மோஸ்டாட். ஆனால் லெப்பர்ட் கெக்கோ பெரும்பாலும் ஒரே மூலையில்தான் எச்சமிடும், முன்பு இரண்டும் ஒரே மூலையைத்தான் பாவித்தன. எச்சம் தண்ணியாகப் போனால் யாருக்கு வயிறு சரியில்லை என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இப்போது உடனே தெரிகிறது.