பார்கோடா, இரட்டைச் சரிபார்ப்பா? எந்தப் பிழையை எது பிடிக்கும்

ஆள் மாறி மருந்து போவது ஒரு வகைப் பிழை. சரியான ஆளுக்கே அளவு தப்பிப் போவது இன்னொரு வகை. இரண்டுக்கும் ஒரே பூட்டு போட முடியாது.

பார்கோடு முறையில், படுக்கையருகே நோயாளியின் கைப்பட்டையையும் மருந்து உறையையும் ஸ்கேன் செய்கிறோம். ஆளோ மருந்தோ மாறினாலும், கொடுத்த டோஸையே மறுபடி எடுத்தாலும் திரை எச்சரிக்கும். பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், நேரத் தவறுகள் நீங்கலான பிழைகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்தன. நல்ல பலன்தான், ஆனால் பாதிகூடக் குறையவில்லை. நடைமுறையில் இது கோட்டைவிடும் இடம் கைப்பட்டை. நனைந்தோ கசங்கியோ போனால் ஸ்கேன் ஆகாது. அவசரத்துக்கு ஒரு உதிரிப் பட்டையை அச்சிட்டு மருந்து வண்டியில் ஒட்டிவிடுவார்கள். அதன்பின் கருவி சரிபார்ப்பது வண்டியைத்தான்.

சிரிஞ்சையும் அது பார்க்காது. மி.லி.க்கு 100 யூனிட் உள்ள இன்சுலினை, 20 யூனிட் வேண்டுமென்று, மி.லி.க்கு 40 யூனிட் எனக் கோடிட்ட சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் வருவது அரை மி.லி., அதாவது 50 யூனிட். ஆளும் சரி, மருந்தும் சரி என்று திரை பச்சை காட்டும்.

இதைப் பிடிக்க இரண்டாவது நர்ஸ் வேண்டும்; அதுதான் இரட்டைச் சரிபார்ப்பு. ஆனால் இரத்த அழுத்தத்தை உயர்த்தப் பம்பில் ஏற்றும் டோபமினைக் காட்டி, ‘டோபமின் நாலரையில ஓடுது, சரிதானே சிஸ்டர்?’ என்று கேட்டால் ‘சரி’ என்றுதான் பதில் வரும். அது வெறும் கையெழுத்து. விடையைச் சொல்லாமல் டாக்டரின் ஆர்டரை மட்டும் நீட்ட வேண்டும். நோயாளி 60 கிலோ, டோஸ் கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் என்றால் நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம், மணிக்கு 18 மி.கி. 50 மி.லி.யில் 200 மி.கி. கலந்திருந்தால் மி.லி.க்கு 4 மி.கி.; ஆக மணிக்கு 4.5 மி.லி. இந்தக் கணக்கை இரண்டாமவர் தனித் தாளில் போட்ட பிறகே பம்பைப் பார்க்க வேண்டும். காலி ஆம்ப்யூல்களும் (மருந்து இருந்த கண்ணாடிக் குப்பிகள்) அதுவரை தட்டிலேயே இருக்கட்டும். 200 மி.கி. ஆம்ப்யூல் ஒன்றுக்குப் பதில் இரண்டை உடைத்திருந்தால், பம்பில் 4.5 சரியாகவே தெரியும். உள்ளே போவது இரட்டிப்பு.

எல்லா மருந்துக்கும் இதைச் செய்யச் சொன்னால் ஒரே வாரத்தில் சடங்காகிவிடும். இன்சுலின், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணி, டோபமின் போலப் பம்பில் ஓடும் மருந்து, புற்றுநோய் மருந்து, பச்சிளங்குழந்தை டோஸ் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றபடி சாதாரண மாத்திரைகளுக்குப் பார்கோடு போதும்.

மருந்து கொடுக்கும்போது நர்ஸ் அணியும் ‘தொந்தரவு செய்யாதீர்’ மேலங்கிக்கும் காரணம் உண்டு: சிட்னியில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு குறுக்கீட்டோடும் மருந்துப் பிழை 12.7 சதவீதம் கூடியது. ஆனால் அந்த நேரத்தில் போனை எடுக்க வேறொருவர் இல்லையென்றால் மேலங்கி வெறும் துணி.

கலக்காமல் நரம்பில் ஏற்றினால் உயிரையே பறிக்கும் அடர் பொட்டாசியம் குளோரைடு விஷயத்தில் மட்டும் இவை எதையும் நம்ப வேண்டாம். அந்த ஆம்ப்யூலைப் பொது வார்டு அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டு, கலந்த பாட்டிலாக பார்மசியிலிருந்து வாங்குங்கள்.