கவுச் டு 5கே திட்டம்: மெதுவாக ஓடுபவர்களுக்கு ஒத்துவருமா?

ஓடியே பழக்கமில்லாதவரை ஒன்பது வாரத்தில் 5 கிலோமீட்டர் ஓட வைப்பதாகச் சொல்லும் பயிற்சித் திட்டம் இது. ஜோஷ் கிளார்க் என்பவர் 1996-ல் வகுத்தார். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை இதற்கென்று ஒரு செயலியே வைத்திருக்கிறது. நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிவது இதுதான்: திட்டத்தின் எலும்புக்கூடு உறுதியானது, ஆனால் பெயரிலுள்ள 5 மெதுவாக ஓடுபவருக்கு இல்லை. ஒன்பதாவது வாரத்தில் 30 நிமிடம் நிற்காமல் ஓடச் சொல்கிறார்கள். அதில் 5 கிலோமீட்டர் போக, கிலோமீட்டருக்கு 6 நிமிட வேகம் வேண்டும். புதிதாகத் தொடங்கி 8 நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடுபவர் 3.75 கிலோமீட்டரில் இருப்பார். இதை 'அரை மணி ஓட்டத் திட்டம்' என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றமே இல்லை.

வாரம் மூன்று நாள் ஓட்டம், நடுவில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. ஒவ்வொரு முறையும் முதலில் 5 நிமிடம் விறுவிறுப்பான நடை. முதல் வாரம் 60 நொடி ஓட்டம், 90 நொடி நடை, எட்டுச் சுற்று. இரண்டாவது வாரம் 90 நொடி ஓட்டம், 2 நிமிட நடை. நான்காவது வாரத்தில் 5 நிமிட ஓட்டம் வந்துவிடும். தனிச் செயலி கட்டாயமில்லை. போனில் மாறி மாறி மணியடிக்கும் ஏதாவது ஒரு இன்டர்வல் டைமரில் இந்த எண்களைப் போட்டுக்கொண்டாலே வேலை நடக்கும்.

திட்டத்தின் பெரிய குறை, எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும் என்று அழுத்திச் சொல்லாததுதான். 'ஓட்டம்' என்றதும் ஆட்கள் பஸ்ஸைப் பிடிக்கிற வேகத்தில் கிளம்பிவிடுகிறார்கள். 60 நொடிதானே, தாக்குப்பிடித்துவிடலாம். மூன்றாவது வாரத்தின் 3 நிமிட ஓட்டத்தில் மூச்சு முட்டும்போது 'நமக்கு இது வராது' என்று விட்டுவிடுகிறார்கள். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. அடியை நீட்டாமல் குட்டி அடியாக, சத்தமில்லாமல் வைக்க வேண்டும். ஜப்பானின் ஃபுகுவோகா பல்கலைக்கழகத்தில் ஹிரோவாகி தனாகா பரப்பிய 'நிக்கோ நிக்கோ' ஓட்டமும் இதையே சொல்கிறது: சிரித்த முகம் மாறாத வேகம். பக்கத்தில் நடப்பவர் தாண்டிப் போனால் போகட்டும்.

ஐந்தாவது வாரம் தனியாகப் பேச வேண்டிய விஷயம். முதல் நாள் 5 நிமிடம் மூன்று முறை, இரண்டாம் நாள் 8 நிமிடம் இரண்டு முறை, மூன்றாம் நாள் திடீரென்று 20 நிமிடம் ஒரே மூச்சில். பலர் கழன்றுகொள்வது இங்கேதான். உடல் தயாராக இல்லாததைவிட, பயத்தில் முதல் 5 நிமிடத்தை வேகமாக ஓடித் தீர்ப்பதுதான் காரணம். அந்த 5 நிமிடத்தைக் கிட்டத்தட்ட நடை வேகத்தில் ஓடினால் மீதி 15 தானாக வரும். அப்படியும் முடியாவிட்டால், நடுவில் ஒரு வாரம் செருகிக்கொள்ளலாம்: 10 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, மறுபடி 10. வாரத்தைத் திரும்பச் செய்வதில் வெட்கமே வேண்டாம். ஒன்பது வாரம் பதினான்கு ஆனாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

நடையே கலக்காமல் ஓட வேண்டும் என்பதும் சட்டமில்லை. 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் கேலோவே, நடையும் ஓட்டமும் மாறி மாறி வரும் முறையிலேயே மாரத்தான் வரை பழக்கினார். 30 நொடி ஓட்டம், 30 நொடி நடை என்றே காலம் பூராவும் ஓடலாம். உடம்பு கனமானவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான்.

மூச்சு சில வாரத்தில் பழகிவிடும், எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்காகும். அதனால்தான் 'இப்போது நன்றாக ஓடுகிறோமே' என்று தோன்றும் ஐந்து, ஆறாவது வாரத்தில் முன்னங்கால் எலும்பு வலி வருகிறது. எலும்பின் உள்விளிம்பை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட், அதாவது அதிக ஓட்டத்தால் முன்னங்கால் எலும்பையொட்டி வரும் வலி. ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் அடங்கும். விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் சுள்ளென்று வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் நுண் முறிவு இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தடுக்க ஒரு வழி, படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது. 15 முறை, இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள்.

கால் வலிக்காமல் மூச்சு மட்டும் எப்போதும் இரைக்கிறது என்றால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது நல்லது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வாரத்தை எத்தனை முறை திரும்பச் செய்தாலும் அது சரியாகாது.

திட்டம் குளிர்நாட்டுக்கு எழுதப்பட்டது என்பது சென்னையில் ஏப்ரல் வந்தால் புரியும். விடியற்காலையில் வெயில் இல்லை, ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் வழிந்தே போவதால் உடல் குளிர்வதில்லை, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். மார்ச்சிலிருந்து ஜூன் வரை அடுத்த வாரத்துக்கு ஏறாமல் இருக்கும் வாரத்திலேயே ஓட்டுவது புத்திசாலித்தனம். ஓடி முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோர் போதும். தலைசுற்றலோ உடல் சிலிர்ப்போ வந்தால் அன்றைக்கு அதோடு சரி, நிழலுக்குப் போய்விட வேண்டும்.

இடம்: கடற்கரையின் உதிரி மணலில் ஓடாதீர்கள், கெண்டைக்காலும் குதிகால் நாணும் இழுபடும். பூங்காக்களில் பதித்த சிமென்ட் கல்லின் தூக்கிய விளிம்பு கால்விரலைத் தடுக்கிவிடும். சிறிய வட்டமாக இருந்தால் ஒருநாள் வலம், மறுநாள் இடம் என்று மாற்றுங்கள். 400 மீட்டர் ஸ்டேடியம் கிடைத்தால் யோகம். உள்தடத்தில் பன்னிரண்டரைச் சுற்று 5 கிலோமீட்டர். ஆனால் உள்தடத்தை வேகமாக ஓடுபவர்களுக்கு விட்டுவிடுவது மரியாதை. எட்டாவது தடத்தில் ஒரு சுற்று ஏறக்குறைய 450 மீட்டர், பதினொன்று ஓடினால் கணக்குச் சரி. தெருநாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி மெல்ல நடங்கள்.

ஷூ வாங்க மாலையில் போங்கள், பாதம் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், இல்லாவிட்டால் நகம் கறுக்கும். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்துக் கொப்புளம் தரும். பாலியஸ்டர் சாக்ஸும், தொடை உரசும் இடத்தில் கொஞ்சம் வாசலினும் போதும். 500 முதல் 800 கிலோமீட்டரில் ஷூவின் மெத்தை செத்துவிடும், அடிப்பகுதி தேயாமலேயே. வாரம் 10 கிலோமீட்டர் ஓடுபவருக்கு அது ஏறக்குறைய ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை வரும். ஆகவே முதல் ஜோடியில் கஞ்சத்தனம் வேண்டாம், கார்பன் தகடு வைத்த பந்தய ஷூவும் வேண்டாம்.