பொனேர் தீவின் 'வண்டியும் டேங்கும்' டைவிங் பேக்கேஜ்: எடுக்கலாமா?

கரீபியக் கடலில் உள்ள பொனேரில், ஆழ்கடலில் மூழ்கி நீந்துபவர்களுக்கு ஒரு பிக்கப் வண்டி, கணக்கில்லாமல் எடுத்துக்கொள்ளக் காற்று டேங்குகள். பேக்கேஜ் இவ்வளவுதான். படகு நேரத்துக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம். சாலையோரம் மஞ்சள் கல்லில் டைவ் இடத்தின் பெயர் எழுதியிருக்கும்; வண்டியை நிறுத்தி இறங்கினால் கடல். தினமும் மூன்று முறை மூழ்குபவருக்குப் போட்ட காசு வசூல். ஒன்றோடு நிறுத்துபவருக்கு வீண்.

முதல் டைவுக்கு முன் கடல் பூங்காக் கட்டணம் கட்டி, அறிமுக விளக்கமும் கேட்டாக வேண்டும். கையுறைக்குத் தடை.

சிக்கல் கரையில்தான். உடைந்த பவளமும் வழுக்குப் பாறையும் நிறைந்த இடத்தில், வெறுங்காலில் மாட்டும் ஃபின் (நீந்துவதற்கான துடுப்புக் காலணி) உதவாது. தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸும், குதிகால் பட்டையுள்ள ஃபின்னும் வேண்டும். அலுமினிய டேங்க் காலியாகக் காலியாக மிதக்கப் பார்க்கும். அதனால் இடுப்பில் கட்டும் ஈய எடையை, டேங்கில் காற்றழுத்தம் 50 பாராகக் குறைந்திருக்கும்போது 5 மீட்டர் ஆழத்தில் மேலே மிதந்து போகாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்தே முடிவு செய்யுங்கள். வால்வின் ஓ-ரிங்கை (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) கடையிலேயே விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் கரையில் 'உஸ்'ஸென்று காற்று கசிந்து அரை நாள் போய்விடும். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலான காற்று) என்றால் ஆக்சிஜன் அளவை நீங்களே அளந்து பாருங்கள்: 32 சதவீதத்துக்கு ஆழ எல்லை சுமார் 33 மீட்டர். சுமார் 30 மீட்டரில் மூழ்கிக் கிடக்கும் ஹில்மா ஹூக்கர் கப்பலுக்கு இது போதும்.

வண்டியில் எதையும் விட்டுச் செல்லாதீர்கள், செருப்பைக்கூட. எதிரே உள்ள குட்டித் தீவான க்ளைன் பொனேருக்குப் படகு தனிச் செலவு. கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது விடுங்கள்.