டிரையருக்கு ஹீட்டர் மாற்றும் முன் இவரைக் கூப்பிடுங்கள்

வேளச்சேரியில் இரண்டாவது மாடி வீடு. ஐப்பசி அடைமழையில் கொடியில் போட்ட யூனிஃபார்ம் மூன்று நாள் ஆனாலும் ஈரவாடை அடிக்கும். அதனால்தான் டிரையர் வாங்கினோம். போன வாரம் டிரம் சுற்றியது, சூடு மட்டும் வரவில்லை. முதலில் வந்த மெக்கானிக் பத்தே நிமிடத்தில், ஹீட்டரை மாற்ற 4,800 ரூபாய் என்றார். மனசு ஒப்பவில்லை.

அப்புறம் எங்கள் தெருமுனையில் வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் அண்ணனைக் கூப்பிட்டேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கக் குழாயைக் கழற்றிக் காட்டினார். சுவரோடு நசுங்கி, உள்ளே துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு அடைத்துக் கிடந்தது. சூடான காற்று வெளியேற வழியில்லாமல், சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் போயிருக்கிறது. ஹீட்டர் நன்றாக இருப்பதை மல்டிமீட்டர் வைத்து என் கண்முன்னே காட்டினார்.

"ஃபியூஸை மட்டும் மாத்தினா திரும்பப் போயிடும்க்கா" என்று குழாயையும் சுத்தம் செய்து, மெஷினைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார். எல்லாம் சேர்த்து 650 ரூபாய். அந்தப் பஞ்சு சுலபமாகத் தீப்பிடிக்குமாம். இப்போது ஒவ்வொரு முறையும் பஞ்சு சேரும் வடிகட்டியைத் துடைக்கிறேன்.

ஒரே குறை, சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதம். ஒரு போன் செய்திருக்கலாம்.