கிளிக் இடம் மாறி விழும் டெஸ்டுகள்: கிளிநொச்சியில் நாங்கள் கண்ட தீர்வு

கிளிநொச்சியில் ஒரு சிறிய குழுவாகக் கமக்காரர் அமைப்புகளுக்கான மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கிறோம். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல் துண்டுகளை வரைபடத்தில் தொட்டு, எதற்கு எந்த வாய்க்காலால் தண்ணீர் என்று பதியலாம். மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று தானாகவே பார்க்கும் டெஸ்டுகளை, நாம் செய்யும் கிளிக்குகளைப் பதிந்து திரும்ப ஓட்டும் ரெக்கோடரில் பதிந்தே வைத்திருக்கிறோம்.

முன்பு பாவித்த ரெக்கோடர் திரை ஆள்கூறுகளை அப்படியே சேமிக்கும். பதிந்த மடிகணினியில் ஒழுங்காக ஓடும், வேறொன்றில் கிளிக் பக்கத்துப் பொத்தானில் போய் விழும். விண்டோஸ் அளவீடு 100 வீதத்தில் 400, 300 என்ற இடத்திலிருந்த பொத்தான், 125 வீதத்தில் 500, 375 பக்கம் போய்விடும். தமிழ் எழுத்துரு பிந்தி இறங்கினாலும் இதே கதைதான். ‘வாய்க்காலைத் தெரிவுசெய்க’ இரண்டு வரியாக மடியும், கீழே உள்ளதெல்லாம் இறங்கும்.

2020இல் வந்த பிளேரைட் என்ற டெஸ்ட் கருவிக்கு மாறியதும் பெரும்பாலானவை சரியாகின. அது பொத்தான், பெட்டி போன்ற பக்க உறுப்பைத் தேடிப்பிடித்து, அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, நடுவில் கிளிக் செய்கிறது.

வரைபடம் மட்டும் அடங்கவில்லை. அது கன்வஸ், அதாவது முழுவதும் ஒரே படமாக வரையப்படும் பரப்பு, உள்ளே பிடிப்பதற்கு உறுப்பே இல்லை. அங்கே பிளேரைட் ரெக்கோடரும் மேல் இடது மூலையிலிருந்து பிக்சல் கணக்கைத்தான் எழுதுகிறது. விகிதமாக மாற்றினால் போதும் என்று பலர் சொல்வார்கள். உருப்பெருக்கம் மாறாத வரைபடத்துக்கு அது பொருந்தாது. 800 பிக்சல் அகலத்தில் 320இல் விழுந்த கிளிக், நடுவிலிருந்து 80 இடப்பக்கம். அகலம் 1000 ஆனால் அதே வயல் 420இல் இருக்கும், விகிதமோ 400 என்று சொல்லும். ஒடுங்கிய துண்டுகளில் அந்த 20 பிக்சல் பக்கத்து வயல். ஆகவே நடுவிலிருந்து அளக்க வேண்டும். (செலினியம் என்ற இன்னொரு டெஸ்ட் கருவியின் 4ஆம் பதிப்பு அப்படித்தான் அளக்கிறது. 3இல் இடது மூலையிலிருந்து அளந்தது. பழைய டெஸ்டுகளை மாற்றுபவர்கள் கவனிக்கவும்.)

இதைவிட நல்ல வழி வரைபடத்திடமே கேட்பது. அகலாங்கு, நெட்டாங்கைக் கொடுத்தால், வரைபடத்தைக் காட்ட நாங்கள் பாவிக்கும் லீஃப்லெட் நிரலகம் பிக்சல் இடத்தைத் தந்துவிடும். இப்போது எங்கள் வரைபட டெஸ்டுகள் எல்லாம் இப்படித்தான் ஓடுகின்றன. பக்கப் பலகையை அகட்டினாலும் குழம்புவதில்லை.

தோற்கிற டெஸ்டைவிட, பிழையான துண்டைத் தொட்டும் தேறிவிடுகிற டெஸ்டுக்குத்தான் எனக்குப் பயம். ஒருவருடைய தண்ணீர் முறை இன்னொருவர் பெயரில் பதியப்பட்டாலும் அது பச்சையாகவே காட்டும். அதனால் படிவம் திறந்ததா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், அதிலுள்ள துண்டு இலக்கத்தையும் சரிபார்க்கிறோம். சந்தேகம் வந்தால், டெஸ்ட் ஓடியதைப் படிப்படியாகத் திரும்பப் பார்க்கும் பிளேரைட்டின் டிரேஸ் வியூவரைத் திறந்தால் போதும், கிளிக் விழுந்த இடத்தைச் சிவப்புப் புள்ளியாகக் காட்டும்.