புயல் வருகிறது: ஹாஸ்டலா, ஊரா, சொந்தக்காரர் வீடா?

சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவர்களுக்கு நவம்பர் கடைசியில் வருகிற குழப்பம் இது. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டது என்று செய்தி வந்ததும் அம்மா போன் மேல் போன் போட்டு "கிளம்பி வந்துடு" என்கிறார், பக்கத்து ரூம் பையன் பையைக் கட்ட ஆரம்பிக்கிறான், வார்டன் இன்னும் எதுவும் சொல்லவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் போவதென்றால் இரண்டு நாள் முன்னாலேயே போய்விட வேண்டும், அந்த நேரம் தாண்டிவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஹாஸ்டல்தான் பத்திரம்.

ஊரை எடுத்துக்கொள்வோம். போய்ச் சேர்ந்துவிட்டால் அதைவிட நிம்மதி கிடையாது, ஆபத்தெல்லாம் வழியில்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. சென்னையில் மழை குறைந்ததும் எல்லாம் முடிந்தது என்றுதான் தோன்றியிருக்கும், ஆனால் விழுப்புரம் மாவட்டத்தில், மயிலத்தில் மட்டும் ஏறத்தாழ 50 செ.மீ. கொட்டித் தீர்த்திருந்தது. டிசம்பர் 2 அன்று அரசூர் அருகே திருச்சி நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஓடியது, விக்கிரவாண்டி பக்கம் ரயில் பாலத்தில் தண்ணீர் ஏறி ரயில்களும் நின்றன. திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போகிறவர், புயல் கடந்த பிறகு கிளம்பினால்கூட நடுவழியில் மாட்டியிருப்பார். ரயில் என்றால் பயமில்லை என்பதும் சரியில்லை. 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, சுமார் 800 பேர் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள். அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பதிவானது 95 செ.மீ.

அதனால் கிளம்பும் நேரம்தான் முக்கியம். வானிலை ஆய்வு மையம் கரையோரத்துக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு ஓர் எச்சரிக்கையும், 24 மணி நேரம் முன்பு அடுத்ததும் கொடுக்கும். முதலாவது வந்த அன்றே பஸ் ஏறுங்கள். இரண்டாவது வந்துவிட்டால் அம்மாவைச் சமாதானப்படுத்திவிட்டு ஹாஸ்டலிலேயே இருங்கள். இன்னொன்று, புயல் எந்தப் பக்கம் போகிறது என்று வரைபடத்தைப் பாருங்கள். உங்கள் ஊர் கடலூர், விழுப்புரம் என்றால் சென்னையைவிட அங்கே நிலைமை மோசமாகலாம்.

சொந்தக்காரர் வீடு என்பது பேட்டையைப் பொறுத்தது. அண்ணா நகரில் மூன்றாவது மாடியில் சித்தி இருந்தால் தாராளமாகப் போகலாம். அதே சித்தி வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ தரைத்தளத்தில் இருந்தால் அவரையும் கூப்பிட்டுக்கொண்டு வேறு எங்காவது போக வேண்டியதுதான். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் நின்றதா என்று கேட்டாலே விடை தெரிந்துவிடும். பல பெண்கள் விடுதிகளில் அவுட்பாஸுக்கு (வெளியே தங்கும் அனுமதிக்கு) வீட்டிலிருந்து வார்டனுக்குப் போன் வர வேண்டும், கார்டியன் பெயரும் பதிவாகியிருக்க வேண்டும். டவர் போன பிறகு அந்தப் போன் வராது, முன்கூட்டியே முடித்துவையுங்கள்.

ஹாஸ்டலுக்கு வருவோம். கான்கிரீட் கட்டடம், சுற்றி நூறு பேர், கீழே மெஸ். சாப்பாட்டை நினைத்துத்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள், அதனால் பிஸ்கட்டும் பிரெட்டும் வாங்கிக் குவிக்கிறார்கள். மெஸ்ஸில் சிலிண்டரும் அரிசியும் இருந்தால் கஞ்சியாவது கிடைக்கும். மிக்ஜாம் சமயத்தில் பால் பாக்கெட்டுக்கே தட்டுப்பாடு வந்தது என்றாலும் பால் இல்லாமல் இருந்துவிடலாம், தண்ணீர் இல்லாமல் முடியாது. கரன்ட் போனால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் மொட்டைமாடித் தொட்டி ஒரே நாளில் காலியாகும், நூறு பேர் பயன்படுத்துகிற கழிப்பறை அதற்கப்புறம் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மிக்ஜாமில் சில பகுதிகளுக்குக் கரன்ட் வரப் பல நாள் ஆனது. ஜெனரேட்டர் இருக்கிறது என்று நிர்வாகம் சொன்னால் நிறுத்திவிடாதீர்கள். மோட்டாருக்கு இணைப்பு இருக்கிறதா, டீசல் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேளுங்கள். பல இடங்களில் அது வராண்டா விளக்குக்கு மட்டும்தான். காற்று ஆரம்பிக்கும் முன்பே ரூமில் இருக்கிற வாளி, கேன், பாட்டில் எல்லாவற்றையும் நிரப்பிவிடுங்கள், குடிக்கத் தனியாக, கழிப்பறைக்குத் தனியாக.

தளத்தைப் பொறுத்தவரை தரைத்தளமும் வேண்டாம், கடைசி மாடியும் வேண்டாம். கீழே தண்ணீர் புகும், பாம்பு வரும், சுவிட்ச் போர்டில் ஷாக் அடிக்கும். மேலே மொட்டைமாடி வடிகாலை இலை அடைத்துக்கொண்டால் கூரை ஒழுகும். நடு மாடியில் நண்பன் இருந்தால் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளுங்கள், சர்டிபிகேட், லேப்டாப் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு. மெழுகுவர்த்தியா பவர் பேங்கா என்று வந்தால் எனக்குச் சந்தேகமே இல்லை, பவர் பேங்க்தான். மெத்தையும் கொசுவலையும் புத்தகமும் நெருக்கியடித்துக் கிடக்கிற ரூமில் நெருப்பு கூடவே கூடாது. நான்கு பேர் ரூமில் ஒரு நேரத்தில் ஒரு போன் மட்டும் ஆனில் இருந்தால் போதும், மற்ற மூன்றை அணைத்துவையுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, இரண்டையும் காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள்.

காற்று நின்றதும் வெளியே ஓடாதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் மையப்பகுதி சென்னை வழியாகப் போனபோது நடுவில் அமைதியாக இருந்தது, அப்புறம் எதிர்த்திசையிலிருந்து காற்று மறுபடி அடித்தது. நகரம் முழுக்க ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன, கேம்பஸ் என்றால் மரம்தானே அதிகம். வண்டியை மரத்தடியிலிருந்து முதல் நாளே எடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் மாடியுள்ள கல்லூரி ஹாஸ்டலுக்குச் சொன்னது. பள்ளிக்கரணை மாதிரித் தாழ்வான இடத்தில், தரைத்தள பிஜியில் (தனியார் விடுதியில்) இருக்கிறவர்கள் 24 மணி நேர எச்சரிக்கைக்குப் பிறகும் அங்கே இருக்கக் கூடாது. ஊருக்கு நேரமில்லை என்றால், கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிற நண்பன் மூலமாக வார்டனிடம் பேசி இரண்டு இரவு தங்க அனுமதி வாங்குங்கள். மழைக்கு முன்னால் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள்.